ரப்பர் பேண்ட் அழுத்திய பொத்தான்

"கிர்ர்ரக்..."

தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். காட்டு ஓடையில் நாங்கள் நட்டுவைத்த டேட்டாலாகர், தண்ணீர் எவ்வளவு உயரம் என்று ரேடியோவில் சொல்லும் சத்தம் அது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜமுனாமரத்தூரில் ஒரு வாடகை அறைதான் எங்கள் பேஸ் ஸ்டேஷன். நானும் குமரனும் மட்டும். டேட்டா போகும் வேகத்துக்குப் பாட் ரேட் என்று பெயர். லாகரில் ஒரு பாட் ரேட், ரேடியோவில் வேறு பாட் ரேட் என்று இருந்துவிட்டால் ஸ்கிரீன் முழுக்கப் பூச்சி பூச்சியாக எழுத்து வரும். இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஃப்ரீக்வென்சி. டேட்டா வருவதும் அதில்தான், வாக்கிடாக்கியில் நாங்கள் பேசுவதும் அதில்தான். ஒருவர் பேசினால் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்... தண்ணீர் ஏறினால் நான் கூப்பிட்டுச் சொல்வேன்.

அன்றைக்கு மத்தியானம் குமரன் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வேலையை முடித்துவிட்டு ஷேர் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் ஓடையைத் தாண்ட வேண்டும். அதே ஓடையின் மேல்பக்கம் இருந்த லாகரிலிருந்து வந்த எண்ணைப் பார்த்ததும் வாக்கிடாக்கி செட்டுக்குக் கை நீட்டினேன். முந்தைய எண்ணைப்போல இரண்டு மடங்கு!

செட்டை எடுப்பதற்குள் ஸ்பீக்கரில் ஜீப் சத்தம். ஆட்கள் பேசும் சத்தம்.

"குமரா, சொல்லு" என்றேன். அவன் பாட்டுக்கு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் உறைத்தது. நனையாமல் இருக்க வாக்கிடாக்கியைப் பாலிதீன் கவரில் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவோம். அந்த ரப்பர் பேண்ட் பேசுகிற பொத்தான்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நான் கத்துவது அவனுக்குக் கேட்காது. புது டேட்டாவும் வராது.

டிரைவர் கேட்டார்: "இன்னா சார், தண்ணி கம்மியாத்தான் கீது. எறக்கிடலாமா?"

"எறக்குங்கண்ணே. ஏறியிருந்தா மீனா கூப்ட்டு சொல்லியிருப்பா. அவதான் கூப்டலையே" என்றான் குமரன்.

ஐயோ... கூப்பிடுகிறேன்டா பாவி!

"வேணாம்டா... எறங்காத, எறங்காத!" பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினேன். கியர் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் இரைந்தது. ஒரு பெண் "ஐயோ சாமி" என்று அலறினாள்.

அவ்வளவுதான். ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

ஃப்ரீக்வென்சி காலியானதும் லாகர் தன் வேலையைச் செய்தது. மேல் ஓடையில் இப்போது ஓர் ஆள் உயரத் தண்ணீர். கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே ஓடி யாரிடமாவது சொல்லலாமென்றால், அந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டுவிட்டால்? நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயம்.

பொழுது சாய்வதற்கு முன்னால் வாசலில் வந்து நின்றான். உடம்பெல்லாம் சேறு, ஒரு காலில் செருப்பில்லை. நடு ஓடையில் ஜீப் நின்றுபோனதாம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கைகோத்துக்கொண்டு எப்படியோ இந்தப் பக்கக் கரை ஏறிவிட்டார்களாம்.

"செட்டு தண்ணில பூடுச்சு மீனா. ஆபீஸ்ல இன்னா சொல்லுவாங்களோ..."

செட்டாம் செட்டு! அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, அப்படியே அழுதுவிட்டேன்.

இப்போது அங்கே டவர் வந்துவிட்டது. லாகருக்கே சிம் கார்டு. தண்ணீர் ஏறினால் நேராகப் போனுக்கு மெசேஜ் வருகிறது. நல்லதுதான். குமரன் ஓசூரில் வேறு கம்பெனியில் இருக்கிறான். லீவு நாளில் போன் பண்ணி ஊர்க்கதையெல்லாம் அளப்பான்.

ஆனால் அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும்... நடுவில் புகுந்து எதையாவது கேட்டுவிடுவேன். அவன் பதில் சொன்னால்தான் மூச்சு வரும்.

"ஏய், என்னைக் கொஞ்சம் பேச வுடேன்" என்பான்.

விடுவதில்லை.