தூக்குவாளியில் வந்த புட்டிங்

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் படிகளைத் துடைக்க ஒருவர் தாராவியிலிருந்து வருவார். ஒல்லியான உடம்பு, ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. எதைக் கொடுத்தாலும் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். தீபாவளிக்கு நான் கொடுத்த சோன்பப்டி டப்பாவையும் அப்படித்தான் பார்த்தார். விலையைத் தேடுகிறார் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கட்டடத்தில் எல்லோரும் மொட்டைமாடியில் கூடினோம்; அவரையும் அழைத்திருந்தோம். ஆளுக்கொரு இனிப்பு, வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. என் கேக் நடுவில் குழிந்து கிடந்தது. எல்லோரும் மொய்த்தது அவருடைய தூக்குவாளியைத்தான். ஏலக்காய் மணக்கும் ஏதோ ஒரு புட்டிங். இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“பெரிய வேலையில்லக்கா. பாலச் சுண்டக் காய்ச்சி, சோன்பப்டிய உதுத்துப் போட்டுக் கிண்டி ஆற வச்சேன். தீவாளிக்கு இந்த பில்டிங்ல எல்லாரும் அதத்தான தந்திய!”

கையில் மூன்றாவது கிண்ணம். நாங்கள் தள்ளிவிட்டதையே எங்களுக்குத் திருப்பி ஊட்டியிருக்கிறார்! என் முகம் போன போக்கைப் பார்த்து, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“பயப்படாமச் சாப்பிடுங்கக்கா. நீங்க தந்த டப்பாவ மட்டும் இதுல சேக்கல. அதுல தேதி தீவாளிக்கு முன்னயே முடிஞ்சிட்டுல்லா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு மாதமாகத் தினமும் படியில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.