மாலையில் ஓடிக் காலையில் நின்ற பெட்டி

டெஸ்டர் என்ற பெயர் ரிஜிஸ்டரக்காவின் காதில் முதலில் விழுந்தது அவளுடைய மூத்த மகளின் வாயிலிருந்துதான். துணி மடித்துக்கொண்டிருந்த மகள், மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். பெற்றவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்.

"யாருடி?"

"டெஸ்டரும்மா."

"அது ஆளா, சாமானா?"

"ஆளுதாம்மா. கரண்டு வேலை. சட்டைப் பையில எந்நேரமும் டெஸ்டர் இருக்கும், அதனால அப்படிக் கூப்புடறாங்க."

"அவங்கம்மா வச்ச பேரு?"

"அது அவங்கம்மாவுக்கே மறந்துபோச்சாம்."

விசாரித்துப் பார்த்தால் அவன் ஒன்றும் அந்நியன் இல்லை. அவளுடைய சின்ன மாமனாரின் மூத்த மருமகளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த மருமகள் கல்யாணத்தில் விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தபோது, பந்தியிலிருந்து எழுந்து எச்சில் கையோடு போய் ஃப்யூஸ் போட்ட பையன் ஒருவன் உண்டே, அவனேதான். மிக்சி ரிப்பேர்க் கடைக்காரரின் மூன்றாவது பிள்ளை. எட்டாவதோடு படிப்பு நின்றது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான், ஒரு பிடி கூடவும் இல்லை, குறைவும் இல்லை. அந்த ஒரு குணத்துக்காகவே ரிஜிஸ்டரக்கா பெண்ணைக் கொடுத்தாள். பிறகு அந்தக் குணமே அவளைப் பாடாய்ப் படுத்தியது.

கல்யாணத்துக்கு அப்புறம் ரிஜிஸ்டரக்கா வேலை செய்த கோழிக்குஞ்சு பொரிப்பகத்திலேயே அவனுக்கும் இடம் கிடைத்தது. அவள் அங்கே சுத்தத்துக்குப் பொறுப்பு, அவன் கரண்டுக்குப் பொறுப்பு. கேட்டுக்கு உள்ளே அவன் "டெஸ்டரு, இங்க வாப்பா". கேட்டைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் "மாப்பிள்ளை, நடந்தா போறீங்க, ஆட்டோ பாக்கட்டுமா". இரண்டு அடிக்குள் நீ எப்படி நீங்களாகிறது என்று வாட்ச்மேன் தினமும் சிரிப்பான்.

ஒரே தடவையில் ஏற்றுகிற முட்டை மொத்தமும் ஒரு கூட்டு, அது உள்ளே போனால் பொரிக்க இருபத்தொரு நாள். பீரோ போன்ற பெரிய அடைகாக்கும் மிஷின், அதற்குள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். சூடு ஒரே அளவில் இருக்க வேண்டும், மணிக்கு ஒருமுறை தட்டுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய வேண்டும். பொரித்து முடிந்து குஞ்சுகள் வண்டியேறியதும் ரிஜிஸ்டரக்காவின் ராஜ்ஜியம் ஆரம்பமாகும். போன கூட்டின் ஒரு ஓடு, ஒரு இறகுத் துணுக்கு அடுத்த கூட்டுக்கு மிச்சம் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழுவி, மருந்துப் புகை போட்டு, மறுபடி புதிதாக ஆரம்பிக்க வேண்டும். முட்டை ஏற்றும் காலையில் கடைசியாக இன்னொரு சுத்தம், அதற்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து. கட்டத்தில் கையெழுத்து இல்லையென்றால் ஒரு முட்டை உள்ளே போகாது. ஒரு காலத்தில் கழுவாமல் விட்டுப்போன ஒரே ஒரு தட்டால் நாலாயிரம் குஞ்சு செத்ததைக் கூடையில் அள்ளியவள் அவள். அதனால் அந்த நோட்டு அவள் இடுப்பை விட்டு இறங்காது. பேரும் அதனால் வந்ததுதான்.

மிஷினின் பழைய கன்ட்ரோல் பெட்டி எரிந்துபோனபோது, முதலாளியின் அக்கா மகன் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்தினான். அவனுக்குக் கண்ணாடித் தம்பி என்று பெயர். வெளியூரில் வேலை, போனில்தான் கிடைப்பான். சூட்டையும் தட்டு சாய்வதையும் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் அவன் எழுதியது. பெட்டிக்குள் இருப்பதை எப்படித் துடைத்து அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதிக் கொடுத்திருந்தான். கடைசி வரிக்குப் பக்கத்தில், டெஸ்டருக்குப் புரியட்டும் என்று, 'இது பழசையெல்லாம் தள்ளிவிடும்' என்று குறித்திருந்தான். அதைப் படித்த ரிஜிஸ்டரக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தரை, தட்டு, விசிறி, தண்ணீர்த் தொட்டி என்று நாலு கட்டமாக இருந்த ரிஜிஸ்டரில் 'பெட்டி சுத்தம்' என்று ஐந்தாவது கட்டம் போட்டாள். பெட்டிக்கும் சுத்தம் உண்டு என்று அவளே முடிவு செய்தாள். டெஸ்டரும் ஒவ்வொரு கூட்டுக்கும் பெட்டியை முழுதாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, ஏற்றும் காலையில் அந்தக் கடைசி வரியை இன்னொருமுறை கீபோர்டில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஒன்பது கூட்டு அப்படியே போயிற்று, ஒரு குறை இல்லை.

பத்தாவது கூட்டுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு முட்டை சனிக்கிழமை வந்து குளிர் அறையில் இறங்கியது. முட்டை அங்கே ஏழு நாள் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு நாளும் உள்ளே இருக்கிற உயிர் மங்கிக்கொண்டே போகும்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்டர் பெட்டியைத் துடைத்துப் புதிதாக ஏற்றினான். விசிறி சுற்றவில்லை, தட்டு சாயவில்லை. திரையில் என்னவோ வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். உன் பதிப்பு ரொம்பப் பழசு, உன்னோடு பேச மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது.

"பழசா? இப்பத்தானே அத்தனையும் புதுசா ஏத்தினேன்," என்றான்.

"நல்லாத் தேச்சுக் கழுவலையோ என்னவோ. இன்னொரு தரம் துடைப்பா," என்றாள் ரிஜிஸ்டரக்கா.

இன்னொரு தரம் துடைத்தான். அதே பதில்தான் வந்தது.

திங்கட்கிழமை கண்ணாடித் தம்பி போனில் கிடைத்தான். டெஸ்டர் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, கன்டெய்னர் சாப்ட்வேர்னு ஒண்ணு ஏத்துறீங்க இல்ல, அதுல போன வாரம் புதுசு வந்திருக்கு. அதுதான் மாட்டிக்கிச்சு."

"அது என்ன செய்யும் தம்பி?"

"டிபன் கேரியர் மாதிரின்னு வச்சுக்கங்க. என் புரோகிராமும் அதுக்கு வேணுங்கற சாமானும் டப்பாவுக்குள்ள இருக்கு. டப்பாவத் தூக்கிப் பிடிக்கற பிடிதான் இந்த சாப்ட்வேர். புதுப் பிடி என் டப்பாவத்தான் ரொம்பப் பழசுங்குது, அதுல மாட்டாது. டப்பாவ மாத்த எனக்கு ஒரு மாசமாவது வேணும். நீங்க பழைய பிடியவே போடுங்க."

ரிஜிஸ்டரக்கா குனிந்து போனிடம் கேட்டாள். "ஏன் தம்பி, புதுசு இருக்கும்போது பழசப் போடுன்னு சொல்ற? ஊர்ல எவனாவது அப்படிச் செய்வானா?"

"இதுல அப்படித்தாங்க அத்தை."

"அப்ப ஒன்பது கூட்டுக்குப் புதுசு போட்டது?"

"அப்ப அது புதுசா இருந்துச்சு. இப்ப அது பழசாயிடுச்சு. இப்ப அந்தப் பழசுதான் வேணும்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. டெஸ்டர் மட்டும் கண்ணாடித் தம்பி சொன்ன பதிப்பு எண்ணைப் புள்ளி புள்ளியாகத் தாளில் எழுதிக்கொண்டான். பெட்டியிடம் கேட்டால் கிடைக்கிற பதிப்புகளையெல்லாம் பட்டியலாகக் காட்டியது. அதில் அந்த எண்ணைத் தேடிப்பிடித்து, அதையே போடு என்று அடித்தான். பின்னால் போகிறாயே, நிச்சயம்தானா என்று பெட்டி கேட்டது. நிச்சயம்தான் என்றான். சாயங்காலம் ஐந்தரைக்கு விசிறி சுற்றியது. தட்டுகள் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றன. ரிஜிஸ்டரக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

செவ்வாய் காலை குளிர் அறையிலிருந்து முட்டைகளை வெளியே எடுத்து வைத்தார்கள். ஏற்றுவதற்குமுன் கடைசிச் சுத்தம் நடந்தது. டெஸ்டர் தன் வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். போட்ட மை காய்வதற்குள் விசிறி நின்றது.

வெளியே வந்த முட்டைகள் வியர்க்க ஆரம்பித்தன. துடைக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. எல்லாவற்றையும் மறுபடி குளிர் அறைக்கே தூக்கினார்கள். இனி கடைசிச் சுத்தம் முடிந்தும் விசிறி ஓடினால்தான் முட்டை வெளியே வரும் என்றாள் ரிஜிஸ்டரக்கா.

செவ்வாய் மாலை பழைய பதிப்பை மறுபடி போட்டான், ஓடியது. புதன் காலை கடைசிச் சுத்தம் முடிந்ததும் நின்றது. கரண்டு ஒயரை மாற்றினான். மெமரி கார்டை மாற்றினான். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஜன்னல் மேடையில் வைத்தான், ஈரம் பட்டிருக்குமோ என்று. புதன் மாலை ஓடியது. வியாழன் காலை நின்றது.

முதலாளி கதவருகில் நின்று பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள உள்ள ஏத்தணும். இல்லன்னா முட்டைய வேற ஹேச்சரிக்கு அனுப்பிடறேன். அப்புறம் எனக்கு அந்தப் பொட்டியும் வேணாம், பொட்டிக்காரனும் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே சொன்னதைச் செய்துவிடுவார் என்று ரிஜிஸ்டரக்காவுக்குத் தெரிந்தது. மகள் அப்போது ஐந்தாம் மாசம்.

மத்தியானம் டெஸ்டர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவன் மாதிரி இருந்தது முகம்.

"சாயங்காலம் ஆனா உயிரோட இருக்கு. விடிஞ்சா செத்துப்போகுது. எவனாவது வந்து கழட்டுறானா அத்தை?"

"சாவி என் இடுப்புல இருக்கு. எவன் வருவான்?"

"கரண்டு ஏத்த இறக்கமா இருக்குமோ?"

"அது உன் வேலை, என்னைக் கேக்கற."

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நோட்டுத்தான். அதைப் பிரித்தாள். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் ஐந்தாவது கட்டத்தில் அவனுடைய கோணல் கையெழுத்து. பக்கத்தில் மணியும் எழுதுவது அவளுடைய வழக்கம். ஒன்பது இருபது. ஒன்பது பதினஞ்சு. ஒன்பது இருபது.

"டெஸ்டரு, இன்னிக்குப் பொட்டி எத்தன மணிக்கு நின்னுச்சு?"

"ஒன்பதே கால் இருக்கும்."

"நேத்து?"

"அதே நேரந்தான்."

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் யோசித்தான். "போட்டுட்டிருக்கும்போதே. வரிய அடிச்ச கையோட," என்றான். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுத்தம் செய்தால் ஒன்று சாகும் என்பது அவளுடைய கணக்கிலேயே இல்லாத விஷயம். அவனுக்கோ, தாளில் எழுதியிருக்கிற வரி தப்பு செய்யும் என்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

கண்ணாடித் தம்பிக்குப் போன் போட்டு, பெட்டி நின்ற நேரத்தைச் சொன்னார்கள்.

"அண்ணே, தினமும் காலையில அந்தக் கடைசி வரிய அடிக்கறீங்களா?"

"ஆமா தம்பி. சுத்தம் பண்ணாம எப்படி?"

"அது குப்பையக் கூட்டற வரி இல்லண்ணே. எது எது பழசோ அதையெல்லாம் தள்ளிட்டுப் புதுசக் கொண்டுவந்து வைக்கற வரி. நீங்க சாயங்காலம் பழசப் போடறீங்க, காலையில நீங்களே அதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுச வைக்கறீங்க."

"நீதானப்பா பழசத் தள்ளும்னு எழுதிக் குடுத்த."

"எழுதினேன். நீங்க இப்படித் தினம் தள்ளுவீங்கன்னு நினைக்கல."

வழியும் அவனே சொன்னான். பழைய பதிப்பைப் போட்டதும் அதைப் பூட்டிவிட வேண்டும், அதற்கு ஒரு வரி உண்டு. பூட்டிவிட்டால், கடைசி வரியை அடித்தாலும் மற்றதெல்லாம் புதிதாகும், அந்த ஒன்று மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

வியாழன் மாலை டெஸ்டர் பழைய பதிப்பைப் போட்டுப் பூட்டினான். வெள்ளி காலை ஒன்பதே காலுக்குக் கடைசி வரியை அடித்தான். பெட்டி எதை எதையோ மாற்றியது, ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொன்னது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. டெஸ்டர் பேனாவை எடுத்து ஐந்தாவது கட்டத்தில் வைத்தான். எழுதவில்லை.

"என்ன?"

"இதுல சுத்தம்னு போட்டிருக்கு அத்தை. ஒண்ணு பழசு உள்ள இருக்கே. எப்படிப் போடறது?"

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். ரிஜிஸ்டரக்காவுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பழசு மிச்சமிருக்க உள்ளே முட்டையை ஏற்றுவது என்பது அவள் ஆயுசில் செய்யாத காரியம். அவன் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. போடாவிட்டால் முட்டை போகாது. முட்டை போகாவிட்டால் மாப்பிள்ளை போவான். பொரிப்பு குறைந்தால் முதலாளி முதலில் பிரிப்பது இந்த நோட்டைத்தான், முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

பேனாவை அவன் கையிலிருந்து வாங்கினாள். 'சுத்தம்' என்ற சொல்லை அடித்தாள். 'பழசு ஒன்று வைக்கப்பட்டது' என்று எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள்.

"அத்தை, அது என் கட்டம்."

"முட்டையத் தூக்குங்க மாப்பிள்ளை," என்றாள். கேட்டுக்கு உள்ளே அவனை அவள் அப்படிக் கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஏழு நாளில் ஆறு நாள் முடிந்த முட்டைகள், ஒருமுறை வியர்த்த முட்டைகள். இருபத்தொரு நாள் பெட்டி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வழக்கமாக நூற்றுக்கு எண்பத்தி ரெண்டு பொரிக்கும் இடத்தில் எழுபத்தி நாலு பொரித்தது.

முதலாளி நோட்டைப் பிரித்தார். அந்தக் கட்டத்தை இரண்டுமுறை படித்தார்.

"இந்தப் பழசாலதான் குறைஞ்சுச்சா?"

"தெரியலீங்க," என்றாள் ரிஜிஸ்டரக்கா. "பழசாலதான் ஓடுச்சுன்னும் சொல்றாங்க."

"அப்ப எதாலதான் குறைஞ்சுச்சு?"

"புதுசாலன்னு சொல்றாங்க. நான் சுத்தம் பண்ணச் சொன்னதாலன்னும் சொல்லலாம்."

"அப்படின்னா தப்பு யாருது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தவன் நல்லதுக்குத்தான் எழுதினான். அடித்தவன் எழுதியபடிதான் அடித்தான். கட்டம் போட்டவள் தானே. அதுவும் குஞ்சு சாகக் கூடாது என்றுதான்.

"எனக்கு விளங்கலீங்க," என்றாள். "கையெழுத்து என்னுது."

முதலாளி அவளையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். யாரை நிறுத்துவது என்று அவருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. "அடுத்த கூட்டுக்கும் அந்தப் பழசையே வைங்க," என்று சொல்லி நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டார்.

கண்ணாடித் தம்பி சொன்ன ஒரு மாசம் ஆறு மாசமாகி, ஒருநாள் புதுப் பிடிக்குத் தோதான டப்பாவை அனுப்பினான். டெஸ்டர் அன்று முழுக்கப் பெட்டிமுன் உட்கார்ந்து, பூட்டைத் திறக்கலாமா கூடாதா என்று மூன்றுமுறை போன் செய்துவிட்டுத்தான் திறந்தான். அப்படியும் ஏன் திறக்கச் சொன்னார்கள், ஏன் பூட்டச் சொன்னார்கள் என்று மாமியார் கேட்டால் அவனால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தி, "அது அப்படித்தான் அத்தை," என்றுவிடுவான்.

ரிஜிஸ்டரக்கா முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டாள். டெஸ்டர் அதே பொரிப்பகத்தில்தான் இருக்கிறான். இப்போது மூன்று மிஷின், மூன்று பெட்டி, மூன்றுக்கும் அவனே பொறுப்பு. காலையில் எட்டு மணிக்குப் போகிறான், சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறான்.