ஆச்சி சுற்றிய கூறைப் பட்டு

என் டாக்டர் பட்டத்துக்கு வாங்கிய கடைசி நீட்டிப்பும் முடியப்போகிற மாதம் அது. வானத்திலிருந்து ஓயாமல் விழும் மியூயான் என்ற துகள்களை எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது துளைத்துக்கொண்டு போகும். அதற்காக யாரும் கையை இழுத்துக்கொண்டதில்லை. சூரியன் கொந்தளித்தால் இந்த எண்ணிக்கை மாறுகிறதா என்பது கேள்வி. ஐந்து வருடமாக மாறவில்லை.

காரைக்குடியில் ஓர் ஆச்சி தம் வீட்டு மொட்டைமாடியை எனக்குக் கொடுத்திருந்தார். அங்கே பக்கச் சுவரில்லாத தகரக் கொட்டகையில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள். துகள் துளைத்தால் உள்ளே மினுங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் மினுங்கினால் ஒரு துகள் என்று கணக்கு. வெளிவெளிச்சம் பொட்டுகூடப் போகக் கூடாதென்று தடித்த கருப்புத் துணியை நான்கு சுற்று சுற்றியிருந்தேன்.

அந்த வாரம் நான் வேலைபார்க்கும் கல்லூரியில் தேர்வு. மாடிக்குப் போக நேரமில்லாமல் எண்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறி, உச்சிப்பொழுதில் உச்சம் தொட்டு, சாயங்காலம் இறங்கியது. மூன்று நாளும் அப்படியே. சூரியனிலிருந்துதான் வருகிறது என்று என் வழிகாட்டிக்கு எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

உடனே ஆச்சி வீட்டுக்கு ஓடினேன். அவர் மகள் கல்யாணத்துக்கு வீடு நிறையப் பங்காளிகள்.

“ஆச்சி, எனக்குப் பட்டம் கெடைச்சிரும்போல!”

“நான் அப்பவே நெனச்சேன் டீச்சர். கல்யாண வீட்டுல கருப்புத் துணியைச் சுத்தி வச்சிருக்கீகளேன்னு அதை எடுத்துப்புட்டு, என் கூறைப் பட்டைச் சுத்தி விட்டேன். பாத்தீகளா, மூணாம் நாளே பலன்!”

மாடியேறிப் பார்த்தேன். சிவப்புப் பட்டு, அகலச் சரிகை, மூலைக்கொரு குங்குமப் பொட்டு. பட்டின் வழியே வெயில் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கருப்புத் துணியை மறுபடி இறுகச் சுற்றி, அதன்மேல் பட்டையும் சுற்றினேன். வழிகாட்டிக்கு “வெறும் வெயில்” என்று எழுதினேன். “அந்த மூன்று நாளை நீக்குங்கள். மாறவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் முடிவுதான்” என்று பதில் வந்தது.

கீழே ஆச்சி காத்திருந்தார்.

“நல்லா வருதுல்ல டீச்சர்? பட்டம் வாங்குற வரைக்கும் அவுத்துறாதீக.”

“வருது ஆச்சி” என்றேன்.

பட்டம் வாங்கிய பிறகுதான் அவிழ்த்தேன். கூறைப் பட்டில் வெயில் பட்ட பக்கம் வெளிறிப்போயிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மாடியில் சூரியன் மாற்றியது அது ஒன்றைத்தான். ஆச்சியிடம் அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை கூசியது.