இங்கேயும் காட்டு

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். ஐந்து பேர் நிரல் எழுதுகிறோம், ஆறாவது ஆள் தொலைபேசியை எடுக்கிறார். அவரை எல்லோரும் அக்கா என்போம். என்னைவிட நாலு வயது சின்னவர்தான். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

இங்கே வருவதற்கு முன் அக்கா பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவர். "பஸ் போயிடுச்சான்னு கேக்கறவங்களுக்கு பஸ்ஸைப் பத்திக் கவலை இல்லண்ணா. இனிமே வீட்டுக்கு எப்படிப் போறதுன்னுதான் கவலை" என்பார். பேருந்து நேரம் காட்டும் மின்பலகையை மாட்டியதும் அந்த ஜன்னலை மூடிவிட்டார்கள். அதன் பிறகுதான் எங்களிடம் வந்தார்.

நாங்கள் விற்பது ஓர் எழுதும் செயலி. தலைப்பு, அதற்குள் உள்தலைப்பு, அதற்குள் குறிப்பு என்று அடுக்கி எழுதலாம். ஒரு தலைப்பை மடக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் மறைந்து தலைப்பு மட்டும் நிற்கும். ஒரே குறிப்பை இரண்டு தலைப்புகளின் கீழ் வைக்கலாம். ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடத்திலும் திருந்திவிடும். இரண்டு வசதியையும் எழுதியவன் நான். "கிளை மடிப்பு" என்றும் "இணைநிலைப் பிரதி" என்றும் பெயர் வைத்துவிட்டு, ஒருத்தரும் தொடுவதில்லையே என்று நாலு வருடமாக வயிறெரிந்துகொண்டிருந்தேன். ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது என்பது என் கட்சி.

ஒரு வியாழக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. ஒரு பெண் அழுகிற குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"எல்லாம் போச்சுங்க. ரெண்டாவது தடவையும் போச்சு."

"ஆகட்டும்மா, மெதுவாச் சொல்லுங்க. யாருக்காக எழுதினீங்க?" என்றார் அக்கா. அவருடைய முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகள். பேச மாட்டாள். கணவருக்குக் கப்பலில் வேலை. அந்த அம்மாவுக்கே திங்கட்கிழமை அறுவை சிகிச்சை, பத்து நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்து நாளும் மகளைப் பார்த்துக்கொள்ளப் போவது நாத்தனார். அவருக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாராம். ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டு டாக்டரிடம் திட்டு வாங்கியாயிற்று.

"இது இல்லாம எப்படிங்க விட்டுட்டுப் போவேன்? மறுபடியும் தள்ளிப் போட்டுடறேன்."

நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "மடங்கியிருக்கும்! டேப் கீயை அழுத்தச் சொல்லுங்க. இதுக்கு ஒரு அழுகையா?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு அழுத்துவாங்கண்ணா. நாளைக்கு அவங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது நாத்தனார் கை பட்டு மூடிக்கிச்சுன்னா யாரு அழுத்துவா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாவையும் நாத்தனாரையும் மதியம் நேரில் வரச் சொன்னார்.

அம்மா மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நாத்தனார் தையல் கடைக்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். அக்கா முதல் தலைப்பைத் திறந்தார். நாற்பது பக்கமும் உள்ளே பத்திரமாக இருந்தது. கீழே "மறுபடியும்" என்றொரு தலைப்பு. அதைத் திறந்தால் அதே நாற்பது பக்கம், நினைவிலிருந்து முழுக்கத் திரும்ப எழுதியது. எதுவுமே தொலையவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தபோது எனக்கும் சிரிப்பு நின்றது. மகள் கத்தினால் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும், தொடக்கூடாது என்ற குறிப்பு முதல் பிரதியில்தான் இருந்தது. போன வாரம் டாக்டர் மாற்றிய மாத்திரை நேரம் இரண்டாவதில்தான் இருந்தது. நாத்தனார் எதைத் திறந்திருந்தாலும் பாதிதான் கிடைத்திருக்கும். 

அக்கா நாத்தனாரைக் கணினி முன் உட்காரவைத்தார். அம்மாவுக்கு ஒரு பக்கம் நாற்காலி, எனக்கு மறுபக்கம்.

"நீங்க ரெண்டு பேரும் கையைத் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. வாயைத் திறக்கக் கூடாது. திங்கக்கிழமை இவங்க பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்கல்ல?"

"நானுமா?" என்றேன்.

"நீங்கதாண்ணா முக்கியமா."

அக்கா கேட்ட மாத்திரை நேரத்தைத் தேடி நாத்தனார் "காலை" என்ற உள்தலைப்பைத் திறந்தார்; கிடைத்தது. வெளியே போன இடத்தில் கத்தினால் என்ன செய்வது என்று "வெளியே" தலைப்பில் தேடினார், இல்லை. அது "இரவு"க்குள் இருந்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கோ கை துறுதுறுவென்றது. என் "இணைநிலைப் பிரதி" அங்கேயே பட்டியலில் இருக்கிறது, நாத்தனாரின் சுட்டி அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது. எண்ணினேன், ஏழு தடவை. கடைசியில் அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தக் குறிப்பை இங்கேயும் காட்டறதுக்கு வழி இல்லையா?"

அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் கேட்டார். "அண்ணா, காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. நாலு வருடமாக எனக்குத் தோன்றாத பெயரைத் தையல் கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. அன்றே உட்கார்ந்து பட்டியலில் "இங்கேயும் காட்டு" என்று மாற்றினேன். தலைப்பை மடக்கினால் பக்கத்திலேயே "உள்ளே 40 பக்கம் இருக்கிறது" என்று வருகிற மாதிரியும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அம்மாவும் நாத்தனாரும் எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து இரண்டு பிரதிகளையும் ஒன்றாக்கினார்கள். நாத்தனார் கேட்பார், அம்மா சொல்வார், நாத்தனாரே தட்டுவார்.

"தலை வார மட்டும் என்னைத் தவிர யாரையும் விடமாட்டா. பத்து நாள் சிக்கு விழுந்தாலும் பரவாயில்ல, விட்டுடு" என்றார் அம்மா. "தலை வார வேண்டாம்" என்று ஒரு தலைப்புப் போட்டார் நாத்தனார். திங்கட்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது. நாத்தனார் குரல். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஆகட்டும்... காணோமாங்க?"

"காணாமப் போகலீங்க, அதிகமாயிடுச்சு! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நானா ஒண்ணு சேர்த்திருக்கேன். சாயங்காலம் அண்ணிக்குப் படிக்கக் குடுக்கணும், சரியா வந்திருக்கான்னு பாருங்களேன். உங்களுக்கும் அனுப்பியிருக்கேன்."

திறந்து பார்த்தோம். "தலை வார வேண்டாம்" என்பதன் கீழே புதிதாக ஒரு குறிப்பு. அதையே எல்லாவற்றுக்கும் மேலே "அண்ணிக்கு" என்று ஒரு தலைப்புப் போட்டு, இங்கேயும் காட்டியிருந்தார். யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தரவில்லை. அக்கா சத்தமாகப் படித்தார்:

"மூணாவது நாள் சீப்பை அவளே எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. ரெட்டைப் பின்னல் போட்டிருக்கேன். அண்ணி, நீங்க அவசரப்படாம உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க."

அக்கா தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நன்றாக இருக்கிறது என்று நான்தான் நாத்தனாரிடம் சொன்னேன். வைத்த கையோடு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஆகட்டும், சொல்லுங்க. யாருக்காக எழுதினீங்க?"

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.