நல்லமுத்து நிறுத்தச் சொன்ன இடம்

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்வதற்குச் செலவாகும் மூளையைவிட, வேலை செய்ததாகப் பெயர் எழுதுவதற்குச் செலவாகும் மூளை அதிகம். பீச் ஸ்திரீட்டில், முன்பு வங்கியாக இருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. இறாலும் ஐஸ்கிரீமும் ஏற்றிப் போகும் குளிர்பதன லாரிகளில் வெப்பத்தைக் கண்காணிக்கும் சிறு பெட்டியை நாங்கள் தயாரிக்கிறோம். பெட்டிக்குள் ஓடும் கணினி நிரல் அறுபது கோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கோப்பின் உச்சியிலும் ஒரு பட்டியல் உண்டு: யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார். ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி.

நல்ல பழக்கம்தான். ஆனால் ஏப்ரல் மாத மதிப்பீட்டின்போது எங்கள் மேலாளர் புவனேஸ்வரன் அந்த வரிகளை எண்ணுகிறார் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அதன்பிறகு, படித்துப் பட்டம் வாங்கிய பன்னிரண்டு பொறியாளர்கள் நிரலில் ஒரு வெற்றிடத்தை இடப்பக்கம் தள்ளிவிட்டு மேலே போய்ப் பெயர் எழுதினார்கள். மறுநாள் இன்னொருவர் அதே வெற்றிடத்தை வலப்பக்கம் தள்ளிவிட்டுத் தன் பெயரை எழுதினார். ஒரு கோப்பில் புவனேஸ்வரனின் பெயர் மட்டும் நாற்பத்தொரு முறை இருக்கிறது. என் பெயர் ஆறு முறை. அதில் நான்கைப் பற்றி நான் பெருமையாகப் பேச முடியாது.

இந்தப் பெயர்களின் பாரத்தை எல்லாம் சுமந்தவர் நல்லமுத்து.

நல்லமுத்து எங்கள் சோதனைப் பிரிவின் டெக்னிசியன். வயது முப்பத்தெட்டு. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, பதினோரு வருடமாக அதே மூலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார். வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை இருநூற்றுப் பன்னிரண்டு எண்களைத் திருத்துவது.

அது என்ன எண் என்று சொல்லிவிடுகிறேன். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்க வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். நிற்க வைக்கும் கருவிக்கு டீபக்கர் என்று பெயர். நிற்கும் இடம் பிரேக்பாயிண்ட். ஒவ்வொன்றையும் கையால் வைக்க முடியாது என்பதால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ‘இந்தக் கோப்பில் 318ஆவது வரியில் நில்’ என்று டீபக்கரிடம் சொல்வோம். யாராவது உச்சியில் தன் பெயரை எழுதினால் எல்லா வரிகளும் ஒன்று கீழே இறங்கிவிடும். 318ஐத் தேடிப் போகிற டீபக்கர் வேறொரு வரியில் நிற்கும். அந்த வரியில் நிற்க ஏதும் இல்லையென்றால் தானாகவே நகர்ந்து அடுத்த வரியில் நின்றுகொள்ளும். நின்றேன் என்று பொய்யாகப் பச்சை விளக்கும் காட்டும். ஒருமுறை, கதவு திறந்திருப்பதை எச்சரிக்கும் பகுதியை நான்கு நாட்கள் யாருமே சோதிக்காமல், சோதித்ததாகப் பச்சை விளக்குகள் மட்டும் எரிந்தன. அதைக் கண்டுபிடித்தவர் நல்லமுத்து. அதற்குப் பிறகுதான் தினமும் காலையில் எண் திருத்தம்.

அவர் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து, பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிடலாமே என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். நானும்தான். புவனேஸ்வரன் சிரித்தார்.

“நல்லமுத்து, எக்செல்ல ஒரு ஃபார்முலா போட்டா முடிஞ்சிச்சிலா. இதுக்கெல்லாம் மீட்டிங்கா?”

எக்செல் ஃபார்முலா எப்படி ராத்திரி யார் பெயர் எழுதினார் என்று கண்டுபிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த விஷயமாக ஆண்டு விருந்துக்கு எந்த நிறத்தில் உடுத்துவது என்பதை நாற்பது நிமிடம் விவாதித்தோம்.

மனிதர்களைத் திருத்த முடியாது என்று புரிந்ததும் நல்லமுத்து டீபக்கரைத் திருத்தப் போனார். எங்களிடம் இருப்பது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய டீபக்கர். அதன் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. நான்கு மாதம் அவர் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு அதைப் படித்தார். பல்கலைக்கழகத்தில் மூன்று பருவம் நான் தடவித் தடவிக் கற்ற மொழியை அவர் பன் கடித்துக்கொண்டே கற்றார். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் பட்டமளிப்பு அங்கி போட்ட என் படத்துக்கு அம்மா விளக்கு வைக்காதது ஒன்றுதான் குறை.

அவர் கண்டுபிடித்தது எளிமையானது. நிரலின் சிறு பகுதியான ஃபங்ஷனின் பெயரைத் தெரிந்துகொள்ளும் அறிவு டீபக்கருக்கு ஏற்கெனவே இருந்தது. ஸ்கிரிப்ட் அதனோடு பேசும் வாசல்தான் குறுகலாக இருந்தது. கோப்பின் பெயரும் வரி எண்ணும் ஒட்டிய ஒரே ஒரு துண்டைத்தான் அந்த வாசல் வாங்கிக்கொள்ளும். நல்லமுத்து அதை அகலப்படுத்தினார். இனி ஸ்கிரிப்ட் கோப்பைத் தனியாகவும், ஃபங்ஷனைத் தனியாகவும், அந்த ஃபங்ஷன் தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை வரி கீழே என்பதைத் தனியாகவும் சொல்லலாம். உச்சியில் ஊரே வந்து பெயர் எழுதினாலும் உள்ளே இருக்கும் தூரம் மாறாது.

சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. சொன்ன இடத்தில் நிற்க ஏதும் இல்லாவிட்டால் அவருடைய டீபக்கர் நகர்ந்து போகாமல், முடியாது என்று பிழை சொல்லி நின்றுவிடும். பழையபடி அடுத்த வரிக்கு நகர்வதுதான் வசதி என்றேன்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா. பக்கத்துல எங்கயாச்சும் போய் நின்னுக்கிட்டு, சொன்ன இடத்துலதான் நிக்கிறேன்னு காட்டக்கூடாது” என்றார்.

விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த சிக்கல் எங்கள் நிறுவனத்துக்கே உரியது. நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் உரிமை பொறியாளர் கிரேடுக்கு மட்டும்தான். டெக்னிசியன் அதை ஓட்டலாம், உடைந்தால் திட்டு வாங்கலாம், சேர்க்க முடியாது. ஆகவே என் கணக்கின் வழியாகச் சேர்க்கச் சொன்னார். யார் பெயரில் போனால் என்ன, நாளைக் காலையில் ஓட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

சேர்த்தேன். கோப்பின் உச்சியில் பொறியாளர் பெயரைத்தான் களஞ்சியம் ஏற்கும். என் பெயரை எழுதினேன். பக்கத்தில் விளக்கத்துக்கு இடம் இருந்தது. ‘நல்லமுத்து எழுதியது’ என்று அங்கே போட்டிருக்கலாம். ‘டீபக்கர் ஸ்கிரிப்ட் விரிவாக்கம்’ என்று போட்டேன். மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த மாதக் கூட்டத்தில் புவனேஸ்வரன் என்னைப் பாராட்டியபோது மறதி இன்னும் ஆழமானது. எல்லாரும் கை தட்டினார்கள். நல்லமுத்துவும் தட்டினார். அவரை நிமிர்ந்து பார்க்காமல் நன்றி சொன்னேன்.

வேடிக்கை என்னவென்றால், மறுவாரம் புவனேஸ்வரன் நல்லமுத்துவின் மேசைக்குப் போய், காலையில்தான் இப்போது எண் திருத்தும் வேலை இல்லையே, கூட்ட அறை நாற்காலிகளை அடுக்கி வைக்கலாமே என்றாராம்.

மார்ச்சில் கிரேடு உயர்வுக் குழு கூடுவதாக அறிவிப்பு வந்தது. டெக்னிசியன்கள் பொறியாளர் ஆவதற்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரே வாய்ப்பு. சொந்த வேலை ஒன்றைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். களஞ்சியத்தில் சேர்க்க உரிமை இல்லாதவர்கள் அதிலிருந்து சொந்த வேலையை எடுத்துக் காட்ட வேண்டுமாம். இந்த விதியை எழுதியவருக்கும் பட்டம் இருந்திருக்கும்.

நல்லமுத்து படிவத்தோடு என் மேசைக்கு வந்தார்.

“அதிரா, இதுல என்னா எழுதறது?”

டீபக்கர் வேலையையே எழுதுங்கள் அண்ணே, குழுவில் என்னைக் கேட்டால் நான் சொல்கிறேன் என்றேன். அவர் படிவத்தை மடித்துக்கொண்டார். சம்பளத்துக்காகக் கேட்கவில்லை, நான் எழுதினதை நானே உள்ளே வைக்கணும், ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைக் கெஞ்ச முடியல என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கெஞ்சப்பட்ட ஆள் நான்தான்.

குழுவில் மூன்று பேர். மனிதவளப் பிரிவின் நூர் ஃபாத்திஹா, கோலாலம்பூரிலிருந்து வந்த இயக்குநர் ஒருவர், புவனேஸ்வரன். நல்லமுத்து இருபது நிமிடம் விளக்கினார் என்று கேள்விப்பட்டேன். பிறகு, அவரை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் கோப்பின் உச்சி, அதில் என் பெயர். இதை எழுதியது யார் என்று இயக்குநர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் புவனேஸ்வரன் மற்ற இருவருக்கும் புரியாத தமிழில் குறுக்கிட்டார்.

“யோசிச்சு சொல்லுலா. அடுத்தவன் வேலைய உன் பேருல ஏத்தறது ஒழுங்கு நடவடிக்கையாயிரும். இப்பத்தானே கன்ஃபர்ம் ஆன?”

நான் நிரந்தரமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் அந்த அங்கிப் படம்தான் கண்முன்னே வந்தது. அதற்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. அழகான வாக்கியம், யாரையும் காயப்படுத்தாதது, எல்லாரும் தலையாட்டக்கூடியது.

“ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்” என்று மலாயில் சொன்னேன்.

ஃபாத்திஹா எதையோ எழுதிக்கொண்டார். இயக்குநர் தலையாட்டினார். நல்லமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி ஃபெர்ரி வருகிறதா என்று பார்ப்பவர்போல இருந்தார்.

சாயங்காலம் எனக்கும் அதே ஃபெர்ரிதான். பட்டர்வொர்த் போய் ரயில் பிடிக்க வேண்டும். அவர் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

“ரெண்டு பேரும்னியே. எந்த வரி உன்னோடது?”

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“உச்சியில இருக்கே, அந்த முதல் வரியா?”

பக்கத்தில் ஹெல்மெட்டோடு நின்ற ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நல்லமுத்து குரலைத் தாழ்த்தினார். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசம்.

“கேட்ட இடத்துல நிக்கலம்மா நீ. பக்கத்துல போய் நின்னுக்கிட்ட. நம்ம பழைய டீபக்கர் மாதிரியே.”

கரை வந்ததும் அவர் மோட்டாரில் கிளம்பிப் போனார். ரயிலில் உட்கார்ந்து என்னைப் பற்றி யோசித்தேன். அலுவலகத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரையும் மனதுக்குள் எத்தனை முறை ஏளனம் செய்திருப்பேன். வெற்றிடத்தை இடம் வலம் தள்ளிப் பெயர் எழுதும் கூட்டம் என்று. அவர்கள் திருடியது வெற்றிடத்தை. நான் திருடியது நான்கு மாத மதியச் சாப்பாட்டை.

மறுநாள் எட்டு மணிக்கு ஃபாத்திஹாவின் அறைக்குப் போனேன். நல்லமுத்து எனக்கு அனுப்பிய வரைவுகள் முப்பத்தேழு, தேதியோடு. கூடவே ஒரு பக்கக் கடிதம்: எழுதியது அவர், நான் சரிபார்த்தேன், பெயர் போட்டது என் தவறு. ஃபாத்திஹா எல்லாவற்றையும் புரட்டினார். இதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று மலாயில் சொன்னார். தெரியும் என்றேன். நேற்றே சொல்லியிருந்தால் ஒரு படிவம் மிச்சமாகியிருக்கும் என்றார். அவ்வளவுதான். வீரச் செயல் செய்தவளாக உள்ளே போனேன், படிவத்தை வீணாக்கியவளாக வெளியே வந்தேன். நல்லமுத்துவுக்காகத்தான் போனேனா, ரயிலில் என்னோடு உட்கார முடியாமல் போனேனா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. நல்லமுத்துவின் கடிதம் வர ஆறு வாரம் ஆனது. தண்டனைக்கு இருக்கும் வேகம் பதவி உயர்வுக்கு இருப்பதில்லை. அவருக்குப் பொறியாளர் கிரேடு கிடைத்தது, ஆகக் கீழ்ப்படி. பல்கலைக்கழகத்தை விட்டு வந்த முதல் நாளே, எதையும் செய்து காட்டாமல், நான் உட்கார்ந்த படி அது. புவனேஸ்வரன் கூட்டத்தில் அறிவித்தார். நல்லமுத்துவின் திறமை தனக்கு முதலிலேயே தெரியும், தான்தான் தள்ளிவிட்டு மேலே கொண்டுவந்ததாகச் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். எங்களுக்கு அது நன்றாக வரும்.

அதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. கோலாலம்பூர் இயக்குநருக்குப் பிடித்த கோப்பு என்பதால் எல்லாரும் அந்த டீபக்கர் கோப்பை நோக்கி ஓடினார்கள். புவனேஸ்வரன் ‘மேற்பார்வை’ என்று மூன்று வரி எழுதினார். ஒருவர் ஒரு குறிப்பில் இருந்த புள்ளியை நீக்கிவிட்டுப் பெயர் எழுதினார். இன்னொருவர் அந்தப் புள்ளியைத் திரும்ப வைத்தார். பெட்டி நிரலின் அறுபது கோப்புகளிலும் அதே திருவிழா. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன்: எல்லாக் கோப்புகளுமாகச் சேர்த்து முந்நூறுக்கு மேல் புதிய வரிகள். இருநூற்றுப் பன்னிரண்டு பிரேக்பாயிண்டுகளில் ஒன்றுகூட நகரவில்லை.

டீபக்கர் கோப்பில் என் பெயர் இன்னும் முதல் வரியில் இருந்தது. அதை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடட்டுமா அண்ணே என்று கேட்டேன். இப்போது அவருக்கே உரிமை இருந்தது; நான் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் கோப்பைத் திறந்தார். உச்சியிலிருந்து பெயர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவர் எழுதிய முதல் வரிக்கு வந்துசேர இரண்டு முறை திரையை உருட்ட வேண்டியிருந்தது.

“எங்க போடறதுலா? இடமே இல்லியே” என்றார்.

பிறகு கோப்பை மூடிவிட்டு அன்றைய சோதனையை ஓட்டினார்.