அப்பாவின்ரை எட்டுச்செலவுக்கு வந்த வைன்

செத்தவருக்குப் பிடிச்சதெல்லாத்தையும் சமைச்சு, எட்டாம் நாள் அவரின்ரை படத்துக்கு முன்னாலை படைக்கிறதுதான் எங்கடை ஆக்களின்ரை எட்டுச்செலவு. குடிக்கிற ஆள் எண்டால் குடியும் வைப்பம், அதிலை ஆருக்கும் வெக்கமில்லை. லண்டன் இல்ஃபோர்ட்டிலை எங்கடை வீட்டு ஹோலிலை வாழை இலை போட்டு, அப்பாவுக்கு நண்டுக் கறி, முட்டைப் பொரியல், ஒரு கிளாஸ் விஸ்கி எல்லாம் வைச்சாச்சு. மிச்சம் அண்ணை கொண்டுவந்த போத்தல் ஒண்டுதான்.

அண்ணை பிரான்ஸிலை இருக்கிறவர். ஒரு குடும்பத்தின்ரை திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் பழம் பிடுங்கப் போனவர், கடைசியிலை அந்த வீட்டு மகளையே கலியாணம் கட்டிப்போட்டார். வெள்ளைக்காரியைக் கட்டினதோடை அப்பா கதையை விட்டவர்தான், சாகும்மட்டும் கதைக்கேல்லை. அண்ணை போன் எடுத்தால் அம்மாட்டைக் குடுத்திட்டு எழும்பிப் போயிடுவார். நாசமாய்ப் போன பிடிவாதம்!

செத்தவீட்டுக்கு வரேக்கை அண்ணை ஒரு போத்தல் வெள்ளை வைன் கொண்டுவந்தவர். அண்ணியின்ரை பாட்டன் நட்ட கொடியளாம். வயசுபோன கொடி குறைச்சலாய்த்தான் காய்க்குமாம், ஆனால் சாறு திறமாய் இருக்குமாம். பழம் பிடுங்கினதிலையிருந்து போத்தலிலை அடைச்சதுவரைக்கும் அண்ணையும் அண்ணியும்தான்.

"உயிரோடை இருக்கேக்கை அப்பா என்ரை கையாலை ஒண்டும் வாங்கேல்லை. இதையாவது அவருக்குப் படைக்கோணும், தங்கச்சி," எண்டார். நான்தான் வாங்கி பிரிட்ஜுக்கை வைச்சன். அம்மாவும் மறுக்கேல்லை.

படைக்கப்போற நேரம் மாமா, அம்மாவின்ரை தம்பி, போத்தலைத் தூக்கி வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தார். "என்னக்கா இது, அடியிலை கண்ணாடித் தூள் மாதிரிக் கிடக்கு?"

உண்மைதான், அடியிலை என்னவோ மினுங்கிக்கொண்டு கிடந்தது. "அது திராட்சையின்ரை புளிப்புத்தான் மாமா. குளிருக்கை வைச்சால் அப்பிடி உறையும், ஒண்டும் செய்யாது," எண்டார் அண்ணை.

"உனக்கு உன்ரை பெண்சாதி சொல்லுறதெல்லாம் வேதம். அவள் என்னத்தைப் போட்டுக் குடுத்துவிட்டாளோ! செத்தவருக்கு ஊத்தைச் சாமானைப் படைக்கிறதோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. "உங்களைக் குடிக்கச் சொல்லியோ கேட்டது மாமா? அப்பாவுக்கு வைக்கத்தானே!" எண்டு கத்தினன். அவர் என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. அம்மாவைப் பாத்தார். வந்த சனமெல்லாம் அம்மாவைத்தான் பாத்துது. அவ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும். அம்மா அப்பாவின்ரை படத்தைப் பாத்தா. "அவருக்குப் பிடிக்காததை ஏன் இப்ப..." எண்டு இழுத்தா.

அவ்வளவுதான். மாமா குசினிக்கை போய் முழுப் போத்தலையும் சிங்கிலை ஊத்திப்போட்டு வந்து, தேவாரத்தைத் தொடங்கச் சொன்னார். குசினி முழுக்கப் பேரிக்காய் மணம். அதை ஆரும் மோந்து பாக்கக்கூட இல்லை. ஒரு நாளும் கண்டிராத அண்ணியிலை மாமாவுக்கு இவ்வளவு வன்மம் எங்கையிருந்துதான் வந்ததோ.

அண்ணை கும்பிட்டார், சாப்பிட்டார், மாமாவோடைகூடச் சிரிச்சுக் கதைச்சார். நான்தான் சோத்திலை கை வைக்கேல்லை.

வெளிக்கிடேக்கை அண்ணை குசினிக்கை வந்து, அந்த வெறும் போத்தலைக் கழுவித் துடைச்சு, சுவெட்டருக்கை சுத்திப் பையுக்கை வைச்சார்.

"இதை ஏன் அண்ணை காவிறியள்? எறியுங்கோ."

"அவள் கேப்பாள்," எண்டார். "அப்பாவுக்கு வைச்சுப்போட்டு எல்லாரும் குடிச்சவை எண்டு சொல்லப்போறன். வெறும் போத்தலைக் கண்டால் நம்புவாள்."