டாங்கர் வந்த மறுநாள்

முதலில் டீசல் புகை வரும். பிறகு ரப்பர்க் குழாய் கொப்பளிக்கும் சத்தம். அதற்குள் நான் எல்லா ஜன்னல்களையும் சாத்தியிருப்பேன்...

என் கணவர் ஓய்வு பெற்றதும் டெல்லி ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸை விட்டு வந்து வீடு கட்டிய காலனியில் சாக்கடை இணைப்பு கிடையாது. செப்டிக் டாங்க்தான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நவராத்திரிக்கு முந்தைய வாரம், டாங்கர் லாரியை வரவழைத்துக் காலி செய்துவிடுவோம். கொலு வைக்கும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு.

அக்கம்பக்கத்தில் டாங்க் பொங்கி வழியும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். "பல்வலி வந்தப்புறம்தான் பல் தேய்ப்பீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

லாரி போனதும் வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவி, தண்ணீர் ஊற்றிக் கழுவியபின்தான் ஜன்னலைத் திறப்பேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

பாத்திரம் தேய்க்கவும் பாத்ரூம் கழுவவும் வந்தவள் செல்வி. விழுப்புரம் பக்கத்துப் பெண். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில். வெளிக்குழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது முதல் நாளே நான் போட்ட சட்டம்.

ஒரு வருஷம், டாங்கர் வந்த மறுநாள் காலை, அவள் கழுவியும் நாற்றம் போகவில்லை.

"என்ன செல்வி இது? நன்னா தேச்சுக் கழுவிண்டு வா. கொலு வைக்கற வீடு."

மறுபடி கழுவினாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"உங்க வூட்டுதுதாம்மா. நேத்து அந்த லாரிக்காரன் எங்க சந்துக்குப் பின்னாடிதான் ஊத்திட்டுப் போனான். வாசல் வரைக்கும் வந்து நிக்குது. சின்னதுக்கு விடியக்காலையிலேர்ந்து வாந்தி பேதி. மாமியாகிட்ட விட்டுட்டு வந்தேன்."

அன்றுதான் அவள் வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். பத்து நிமிஷ நடை. கைப்பம்பைச் சுற்றிக் கறுப்பாகத் தேங்கியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். அங்கே வேறு யாரும் பொத்திக்கொள்ளவில்லை.

லாரிக்காரனுக்கு ஃபோன் செய்தேன். "சுத்திகரிப்பு பிளான்ட் ரொம்ப தூரம், ஆன்ட்டிஜி. எப்பவுமே அந்தச் சந்துக்குப் பின்னாடிதான் கொட்டறோம். இத்தனை வருஷத்துல நீங்க கேக்கவே இல்லையே?" என்றான் ஹிந்தியில். மரியாதையாகத்தான் சொன்னான்.

கேள்வி கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்றுதான் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களை வளர்த்தார்கள். பால்காரன், காய்கறிக்காரன் எல்லோரையும் கேட்டேன். இவனை மட்டும் கேட்கவில்லை.

குழந்தை நாலு நாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அதன்பிறகு செல்வி ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"உங்க மேல கோவம் இல்லம்மா. உங்க வூட்டு பாத்ரூமைக் கழுவ இனிமே கை வரமாட்டேங்குது."

அந்த வருஷமும் கொலு வைத்தேன். அவளுக்குச் சுண்டல் கொடுத்தனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கணவர் இன்று இல்லை. லாரியை இப்போது மொபைலிலேயே புக் செய்யலாம். சுத்திகரிப்பு பிளான்ட்டில் கொட்டியதற்கு முத்திரை வைத்த சீட்டு தருகிறார்கள். வாங்காமல் நான் விடுவதில்லை. காலனி வாட்ஸ்அப் குரூப்பில், ஆன்ட்டிக்கு வேறு வேலை இல்லை என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் டாங்கர் வந்தது. மறுநாள், இப்போது வேலைக்கு வரும் ரேவதியிடம் கேட்டேன். டெல்லியிலேயே பிறந்தவள், செல்வி இருந்த அதே சந்தில் குடியிருக்கிறாள்.

"நேத்து உங்க பக்கம் லாரி ஏதாவது வந்துதா?"

"எங்க சந்துக்கு வரல, ஆன்ட்டி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஊத்திட்டு இருந்தான்."

"யாரோட வண்டி?"

"தெரியல. உங்ககிட்டதான் சீட்டு இருக்கே?"

இருக்கிறது.